ஏழுமலையின் வால்வும் செஞ்சியில் ஆறு நாட்களும்

திண்டிவனத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. பின்சக்கரம் பஞ்சர். கண்டக்டர் இறங்கிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், புளியமரத்தடிக்குப் போய் யாருக்கோ போன் போட்டார். பயணிகள் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஈப்போவில் ஒரு பஸ் இப்படி நின்றிருந்தால் இதற்குள் நான்கு பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். இங்கே என் பக்கத்து இருக்கை அம்மாள் மடியிலிருந்து வேகவைத்த கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். நிலக்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்கிறார்கள். எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார்.

"எந்த ஊரு நீ?"

"மலேசியா."

"அடேயப்பா! கோட்ட பாக்க வந்தியா?"

"இல்லம்மா. ஒருத்தர் வீட்டுக்கு."

"இன்னா விசேசம், கல்யாணமா?"

"இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. இன்னொரு கைப்பிடி கடலையை என் மடியில் போட்டார்.

எனக்கு வயது ஐம்பத்தொன்பது. ஈப்போவில் ஒரு பெரிய மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். மருத்துவர்கள் வெட்டி அனுப்பும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பார்த்து முடிவு சொல்வது மருத்துவர்கள். ஆனாலும் முப்பத்தொரு வருடத்தில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

மருத்துவமனைக்கு எதிரே ஒரு தமிழர் கடை. அங்கே ரொட்டி, அதாவது பரோட்டா, தட்டுகிறவர் ஏழுமலை. செஞ்சிக்குப் பக்கத்தில் தளவானூர் என்று சொல்வார். முப்பத்தாறு வயது, எட்டு வருடமாக அந்த ரொட்டிக் கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் தினமும் காலையில் அங்கேதான் சாப்பிடுவேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மனைவியோடு போனில் பேசும்போது, "இதோ லேப் அக்கா வந்துட்டாங்க" என்பார். அப்புறம் என் தட்டில் ரொட்டி விழும்.

ஒருநாள் ரொட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அக்கா, படியேறினா மூச்சு வாங்குது. படுத்தா இன்னும் ஜாஸ்தியா இருக்குது. ரெண்டு தலகாணி வச்சாதான் தூக்கமே வருது."

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "வயிறு வந்துருச்சு உங்களுக்கு. எடையக் குறைங்க, சரியாயிடும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வயிற்றைத் தட்டிக்காட்டினார்.

படுத்தால் மூச்சுத் திணறுகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது என்று ஒரு மனிதர் சொன்னால் அது இதயமாக இருக்கலாம் என்பது மருத்துவமனையில் தரை துடைக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். சாலையைக் கடந்தால் மருத்துவமனை. "வாங்க, ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்" என்று கூட்டிப்போக எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்த மாதம் ஏழுமலை ரொட்டிக் கல்லின் பக்கத்திலேயே விழுந்தார். தூக்கிக்கொண்டு சாலையைக் கடப்பதற்குள் உயிர் போய்விட்டது. திடீர்ச் சாவு என்பதால் உடலை அறுத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்த புட்டிகளில் ஒன்றின் மேல், ஏழுமலை, தகப்பனார் கோவிந்தன் என்று எழுதியிருந்தது. அந்தப் புட்டியை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நானே சீவினேன்.

இதயத்தின் அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவுதான் வால்வு. பூவிதழ் மாதிரி இருக்க வேண்டியது அவருக்குத் தடித்துச் சுருங்கிப் பழைய செருப்பு வார் போலக் கிடந்தது. பக்கத்துச் சதையில் அங்கங்கே சின்ன முடிச்சுகள். அந்த முடிச்சுகளுக்குள் உடம்பின் காவல் அணுக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. சிலவற்றின் உட்கரு கம்பளிப்பூச்சி மாதிரி நீண்டு வளைந்திருக்கும். எங்கள் கூடத்தில் அவற்றைக் கம்பளிப்பூச்சி அணுக்கள் என்றே சொல்வோம். எங்கள் மருத்துவர், ஒரு மலாய்க்காரப் பெண்மணி, நெடுநேரம் குனிந்து பார்த்தார். "சின்ன வயதில் வந்த காய்ச்சல். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை வருடம் உள்ளே எரிந்துகொண்டே இருந்திருக்கிறது" என்று அவர் பாஷையில் சொன்னார்.

உடலை ஊருக்கு அனுப்பினார்கள். ஒன்பது மாதம் போனது. நான் ஓய்வு பெற்றேன். கடை முதலாளி ஒரு பையை என்னிடம் கொடுத்து, யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்துவிடச் சொன்னார். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செஞ்சி வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. ஈப்போவிலும் ஊரைச் சுற்றி மலைகள்தான். ஆனால் அவை பச்சை போர்த்திய சுண்ணாம்பு மலைகள். செஞ்சி மலைகளில் மண் என்று எதுவும் கண்ணில் படவில்லை. பாறைமேல் பாறை. இப்போதோ நாளையோ உருண்டுவிடும் என்பதுபோல நிற்கின்றன. அவற்றின் காலடியில் பஸ் ஸ்டாண்டு, செல்போன் கடைகள், பூ விற்கிறவர்கள், ஹாரன் சத்தம். விடுதிக்கு எதிரே இருந்த ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டியைவிடக் கனம், சால்னாவில் காரம் அதிகம். கல்லின் முன்னால் நின்ற ஆள் மாவை வீசுவதைப் பார்க்க முடியாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

மறுநாள் என்னைக் கூட்டிப்போக ஏழுமலையின் தம்பி சங்கர் ஷேர் ஆட்டோ கொண்டுவந்தார். அது அவர் ஓட்டும் வண்டி. வழியில் கைகாட்டியவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டார். ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதினொரு பேரும் ஒரு உர மூட்டையும் இருந்தோம்.

"அண்ணன் உங்களப் பத்தி நெறைய சொல்லும் அக்கா. லேப் அக்கா லேப் அக்கான்னு" என்றார் கண்ணாடியில் என்னைப் பார்த்து. நான் வெளியே பார்த்துக்கொண்டேன். வயல்களில் கடலைச் செடியைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் குடைந்த பழங்கோயில் இருக்கும் குன்றைத் தாண்டி ஊருக்குள் திரும்பினோம்.

சிமெண்டு வீடு. மேலே தளம் போட்டுப் பூசாமல் நின்றிருந்தது. ஏழுமலையின் மனைவி காஞ்சனாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஒல்லி. தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா. அவரு தெனமும் பேசுன ஜனம் ஒண்ணாவது எங்க வூட்டுக்கு வந்துச்சே."

தோசையும் மல்லாட்டைச் சட்னியும் வந்தன. தட்டு காலியாக விடவில்லை. ஏழுமலையின் அப்பா கோவிந்தன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பையைப் பிரித்தோம். நான்கு சட்டை, கண்ணாடி உடைந்த போன், ஒரு மழைக்கோட்டு. மழைக்கோட்டு மகளுக்காக வாங்கி வைத்தது. மகள் தர்ஷினி போட்டுப் பார்த்தாள். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஊருக்கு வந்துபோன பிறகு வளர்ந்துவிட்டாள்.

"பரவால்ல அத்த, எனக்குப் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்போதுதான் கவனித்தேன். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள்.

"பாப்பாவுக்குக் கால்ல என்ன?"

"தெரியலக்கா. முந்தாநேத்து முட்டி வலிக்குதுன்னா. வீங்கியிருந்துச்சு. இன்னிக்கி அது சரியாப் போச்சு, கணுக்கால் வலிக்குதுன்றா. ஒடம்பும் சுடுது. ஓடியாடற வயசு இல்ல, எங்கனா சுளுக்கியிருக்கும்."

"தொண்டை வலி ஏதாவது வந்துச்சா?"

"மூணு வாரத்துக்கு முன்ன வந்துச்சு. அதுவா போயிடுச்சு. ஏங்கா?"

கையிலிருந்த தோசைத் துண்டு அப்படியே நின்றது. ஒரு மூட்டில் வலி வந்து, அது ஆறி, அடுத்த மூட்டுக்குத் தாவுவது எதனுடைய அடையாளம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் ஏழுமலையின் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்வைப் பற்றிச் சொன்னால் அந்த இரண்டு தலையணையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"சும்மாதான் கேட்டேன். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று முணுமுணுத்தேன். காஞ்சனா இன்னொரு தோசை வைத்தாள். சங்கர் என்னைத் திரும்ப விடுதியில் கொண்டுவந்து விட்டார்.

மூன்றாம் நாள் காலை நான் தளவானூருக்குப் போகவில்லை. கோட்டைக்குப் போனேன். வேறு யார் எழுதினாலும் இந்த இடத்தில் ராஜகிரி மலையின் உயரத்தையும் களஞ்சியங்களையும் எழுதுவார்கள். எனக்கு நினைவிருப்பது படிகள்தான். ஒரே அளவில் இல்லாத படிகள். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல்கடை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு என் வாழைப்பழப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. பாதி தூரத்தில் எனக்கு மூச்சு இரைத்தது. உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டம், தர்ஷினி வயது, கத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடியது.

ஈப்போவில் ஒரு காலை வேளையில் செய்த அதே காரியத்தை இன்னொரு தடவை செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணின் உடம்புக்குள் காவல் அணுக்கள் இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதைப் படம்போட்டுக் காட்ட என்னால் முடியும். நான் படியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறேன். சங்கருக்குப் போன் செய்தேன்.

அவர் வண்டி கோட்டை வாசலுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. வழியில் ஆக்சிலேட்டர் வயர் அறுந்துபோய்ச் சணலில் கட்டி ஓட்டிவந்திருந்தார். ஊருக்குப் போகும் வழியில் அந்தச் சணலும் அறுந்தது. கடைசிக் கிலோமீட்டரை நடந்தே போனோம்.

காஞ்சனா, கோவிந்தன், சங்கர் மூன்று பேரும் இருந்தார்கள். தர்ஷினி உள்ளறையில் படுத்திருந்தாள். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏழுமலை எதனால செத்தாருன்னு உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"ஆர்ட் அட்டாக்குன்னு சொன்னாங்க" என்றார் சங்கர்.

"அது இல்ல. சின்ன வயசுல அவருக்குக் கை கால் வீங்கி, காய்ச்சல் வந்து படுத்தாரா?"

கோவிந்தன்தான் பதில் சொன்னார். "ஆமாம்மா. ஏழாவது படிக்க சொல்ல. ஒரு மாசம் எழுந்துக்கவே இல்ல. இன்னிக்கி இந்த முட்டி, நாளைக்கி அந்த முட்டி. தூக்கிக்கினுதான் வெளிக்கி போவோம். வாதம்னு எண்ண தேச்சோம். சரியாப் போச்சே."

"மூட்டு சரியாயிடும். அது மூட்டை நக்கிட்டுப் போயிடும், இதயத்தைத்தான் கடிக்கும்." எங்கள் மருத்துவர் சொல்லிக் கேட்ட வார்த்தை இது. சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமென்று தோன்றியது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். தொண்டையில் ஒரு கிருமி வருகிறது. உடம்பில் காவலுக்கு இருக்கும் வெள்ளை அணுக்கள் அந்தக் கிருமியின் அடையாளத்தை மனப்பாடம் செய்துகொண்டு தேடித் தேடி அழிக்கின்றன. கிருமியின் மேல்தோலில் இருக்கும் ஒரு பொருளும் இதய வால்வில் இருக்கும் ஒரு பொருளும் ஏறக்குறைய ஒரே சாயல். சிலருடைய உடம்பில் காவலுக்கு இருப்பவை குழம்பிப்போகின்றன. கிருமி செத்த பிறகும் நிற்காமல் வால்வைப் போய்த் தாக்குகின்றன. புண் ஆறித் தழும்பாகிறது. திரும்பத் தொண்டைப் புண் வந்தால் திரும்பத் தாக்கும். கதவு தடித்து, திறக்கவும் மாட்டாமல் மூடவும் மாட்டாமல் போய்விடும்.

"நம்ம ஒடம்பே நம்மள அடிக்குதா?" என்றாள் காஞ்சனா.

"ஆமா."

"அவருக்கு அது தெரியாதா?"

"தெரியாது." இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். "ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சாகறதுக்கு முன்ன ஒருநாள் எங்கிட்ட சொன்னாரு. மூச்சு வாங்குது, ரெண்டு தலகாணி வச்சாதான் தூக்கம்னு. நான் எடையக் குறைங்கன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். எதிர்லதான் ஆஸ்பத்திரி."

வெளியே ஒரு கோழி கத்தியது. காஞ்சனா என்னைப் பார்க்கவில்லை. தையல் மெஷினின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்டயும் சொன்னாரு அந்தத் தலகாணி சமாச்சாரம்" என்றாள் மெதுவாக. "நான் சொன்னேன், போயி டாக்டராண்ட காட்டுன்னு. லேப் அக்காவ கேட்டேன், ஒண்ணும் இல்லன்னுட்டாங்கன்னு சொன்னாரு." அப்புறம் குரல் உயர்ந்தது. "ஒண்ணும் இல்லன்னுட்டாங்கன்னு சொன்னாருக்கா! நீ படிச்சவதான? ஒரு வார்த்த, போயி காட்டுடான்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரலயா?"

நீங்கள் என்பது போய்விட்டது. நான் அதற்குத் தகுதிதான்.

"பாப்பாவுக்கும் அதே மாதிரி இருக்குமோன்னு பயமா இருக்கு" என்றேன். "நேத்தே தெரிஞ்சது. சொல்ல வாய் வரல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

காஞ்சனா உள்ளறையைப் பார்த்தாள். சங்கர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணி, அவசரப்படாத. இவங்க டாக்டர் இல்ல. பொம்பளப் புள்ள, ஆர்ட்டுல கோளாறுன்னு ஆஸ்பத்திரில எழுதிட்டாங்கன்னா ஊரு பூரா தெரிஞ்சிடும். நாளைக்கி யாரு கட்டிக்குவான்? ரெண்டு நாள் பாப்போம்."

"உங்கண்ணனும் இப்பிடித்தான ரெண்டு நாள் பாப்போம்னு இருந்தாரு? வண்டிய எடு."

"வயரு அறுந்து கெடக்குது அண்ணி."

"அப்ப வேற வண்டி பாரு!"

கோவிந்தன் எழுந்து வெளியே போனார். வரும்போது பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மினி லாரியைக் கையோடு அழைத்துவந்தார். தர்ஷினியைத் தூக்கி முன் இருக்கையில் காஞ்சனாவின் மடியில் வைத்தோம். நானும் பெரியவரும் சங்கரும் பின்னால் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனோம். வழி நெடுக பெரியவர் பெட்டியைப் பிடித்தபடி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "எண்ண தேச்சேன். எண்ணதான் தேச்சேன்."

செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் இருந்தார். மூட்டைத் தொட்டுப் பார்த்தார், கதையைக் கேட்டார். நெஞ்சில் குழாயை வைத்தவர் அதை எடுக்கவே இல்லை. இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடி கேட்டார். எங்கள் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சத்தம் ஒண்ணு கேக்குது. விழுப்புரம் போயிடுங்க, ஸ்கேன் எடுக்கணும். ஆம்புலன்ஸ் சொல்றேன்."

நான்காம் நாள் முழுக்க விழுப்புரத்தில், பெரிய ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் போனது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எண் போட்ட சீட்டு, குளிர்சாதனம், காத்திருக்க நாற்காலி உண்டு. இங்கே தரையில் துண்டு விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பக்கத்தில் இருந்த முகம் தெரியாத அம்மாள் தர்ஷினிக்கு விசிறிக்கொண்டே இருந்தார். சங்கர் எங்கிருந்தோ இட்லி வாங்கிவந்தார். காஞ்சனா என் பக்கம் ஒரு பொட்டலத்தைத் தள்ளினாள். தள்ளியதே பெரிது.

ஸ்கேன் அறைக்குள் காஞ்சனாவோடு என்னையும் விட்டார்கள். திரையில் தர்ஷினியின் வால்வு அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்த வால்வுகள் எல்லாம் அசையாதவை. கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, பெயர் எழுதி வைத்தவை. இது உயிரோடு திறந்து மூடியது. ஒவ்வொரு தடவை மூடும்போதும் ஒரு வண்ணக் கீற்று பின்பக்கமாகப் பீச்சியது. கதவு சரியாக மூடவில்லை.

"வால்வு கசியுது" என்றார் ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர். "ஓரம் தடிச்சும் இருக்கு. இது மொத தடவையா இருக்காது. இதுக்கு முன்னாடி எப்பவாவது மூட்டு வலி வந்துச்சா?"

"இல்லீங்களே" என்றாள் காஞ்சனா.

"வந்துச்சும்மா" என்றாள் படுத்திருந்த தர்ஷினி. "நைனா செத்து எடுத்துக்கினு வந்தாங்களே, அப்ப. முட்டி வலிச்சுது. நான்தான் சொல்லல. நீ அழுதுக்கினே இருந்த."

காஞ்சனா சத்தமில்லாமல் சுவரில் சாய்ந்தாள். பிடிக்கப்போன என் கையைத் தள்ளிவிட்டாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வார்டில் சேர்க்க வேண்டும். காவல் அணுக்களின் கோபம் அடங்க மாத்திரை கொடுப்பார்கள். படுக்கையில் ஓய்வு. அதெல்லாம் இந்தத் தடவைக்கு. தழும்பாகிப்போன இடம் பழையபடி ஆகாது. இனிமேல் தொண்டையில் அந்தக் கிருமி தங்கவே கூடாது. கிருமி வந்தால்தான் அணுக்கள் விழித்துக்கொண்டு வால்வைத் தேடி வரும். அதற்குத்தான் பென்சிலின் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்று, தவறாமல்.

"இது எங்க வூட்டுக்காரருகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கறது தொண்டைக் கிருமிதான். சில குடும்பத்து உடம்புங்க அதுக்கு இப்படிக் குழம்பிப்போகும். அவருக்கு இந்த ஊசி கெடச்சிருந்தா…" டாக்டர் அதை முடிக்கவில்லை.

"எத்தினி வருசத்துக்குப் போடணும்?"

"வால்வு கெட்டிருக்கு இல்லையா. நாப்பது வயசு வரைக்கும்கூட ஆகலாம்."

"எனக்கே முப்பத்து மூணுதான் ஆவுது" என்றாள் காஞ்சனா.

ஐந்தாம் நாள் காலை முதல் ஊசி. கையில் துளி மருந்தை ஏற்றி, ஒத்துக்கொள்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்தார்கள். பிறகு இடுப்புக்குக் கீழே. பால் மாதிரி கெட்டியான மருந்து, மெல்ல மெல்லத்தான் இறங்கும். தர்ஷினி கத்தவில்லை. தலையணையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். முகத்தை எடுத்தபோது உதட்டில் பல் தடம் இருந்தது. நர்ஸ் ஒரு அட்டையில் தேதி எழுதி காஞ்சனாவிடம் கொடுத்தார்.

"இருபத்தொரு நாள். கண்ணாலம், காது குத்துன்னு சாக்கு சொல்லிக்கினு வராம இருந்துடாத. செஞ்சிலயே போட்டுக்கலாம்."

சங்கர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். "நான் கூட்டிக்கினு போறேன் அண்ணி. யாரு கேட்டாலும் சத்து ஊசின்னு சொல்லிக்கலாம்" என்றார்.

"இன்னா நோவோ அதையே சொல்லு" என்றாள் காஞ்சனா. "மறச்சு மறச்சுதான் இங்க வந்து நிக்கிறோம்."

ஆறாம் நாள் நான் கிளம்ப வேண்டும். வார்டு வாசலில் பெரியவர் கை கூப்பினார். எதற்குக் கூப்புகிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. தர்ஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். காஞ்சனா படிக்கட்டு வரைக்கும் வந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"என்னால மனசு ஆறல" என்றாள். "ஆறாதுன்னுதான் நெனைக்கிறேன். நீ வரலன்னா பாப்பாவும் போயிருக்கும், அதும் எனக்குத் தெரியும். ரெண்டும்தான் இருக்குது."

"சரிம்மா."

"மூணு வாரத்துக்கு ஒரு தடவ போன் பண்ணு. ஊசி போடற அன்னிக்கி."

"ஞாபகப்படுத்தறேன்."

"எனக்கு ஞாபகம் இருக்கும். நீ மறக்கக் கூடாது. அதுக்குத்தான்."

விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த பஸ் எங்கேயும் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஈப்போவுக்கு வந்த பிறகு பதினொரு முறை போன் செய்துவிட்டேன். மணி அடித்ததும் காஞ்சனா எடுப்பாள். "போட்டாச்சு" என்பாள். வைத்துவிடுவாள். தர்ஷினி எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்பதற்குள் போன் ஓய்ந்துவிடும். சங்கர்தான் ஒருமுறை சொன்னார்: மறுபடி ஸ்கேன் எடுத்தார்களாம், கசிவு குறையவில்லையாம், கூடவும் இல்லையாம். வளர்ந்த பிறகு ஒருவேளை அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாளாம், எடுத்துவிட்டார்களாம்.

போன செவ்வாய்க்கிழமை பதினொன்றாவது. "போட்டாச்சு" என்றாள். ஆனால் வைக்கவில்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது. தர்ஷினி ஏதோ கேட்க, இவள், "மலேசியா அத்தடி" என்று சொன்னது தள்ளிக் கேட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.